நட்சத்திரத்தோடு எண்ணையும் பாருங்கள்



ஏ.சி.க்குப் புது விதிமுறை வரப்போகிறது என்றால், அதற்குள் பழையதை மாற்றிவிடலாம் என்று பலர் கடைக்குக் கிளம்புவார்கள். தள்ளுபடியும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்.

ஏ.சி.யின் மின்சிக்கனத்துக்கு நட்சத்திரம் தருவதற்கான அளவுகோலை மத்திய அரசு அவ்வப்போது கடுமையாக்குகிறது. 2022 ஜூன் வரை, 'ஐசீர்' என்ற திறன் எண் 4.5 இருந்தாலே ஸ்பிளிட் ஏ.சி.க்கு ஐந்து நட்சத்திரம். ஜூலையில் அது 5 ஆனது. முந்தைய நாள் ஐந்து நட்சத்திரம் வாங்கிய பல ஏ.சி.கள் மறுநாள் நான்குக்கு இறங்கின. 2026 ஜனவரியில் அளவுகோல் மறுபடியும் உயர்ந்தது.

எனவே லேபிளில் மூன்றைப் பாருங்கள்: எந்த ஆண்டுக்கான லேபிள், ஐசீர் எண் எவ்வளவு, ஆண்டுக்கு எத்தனை யூனிட். அந்த யூனிட் கணக்கு 1,600 மணி நேர ஓட்டத்துக்கானது. நீங்கள் ஒப்பிடும் இரண்டு ஏ.சி.களுக்கும் உள்ள யூனிட் வித்தியாசத்தைப் பத்து ஆண்டுக்குப் பெருக்குங்கள். தமிழ்நாட்டில் யூனிட் கூடக் கூடக் கட்டண விகிதமும் கூடும். தள்ளுபடியில் மிச்சமான பணம் கரண்ட் பில்லில் கரைந்துவிடலாம்.

பழைய ஏ.சி.யைப் பிரிக்கும்போது கேஸைக் காற்றில் திறந்துவிட அனுமதிக்காதீர்கள். அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மையத்திடமே ஒப்படையுங்கள்.

அவசரப்படாமல், கணக்குப் போட்டு வாங்குங்கள்.