வாவிக்கரை வீடும் அரபு நாட்டு ஊதியமும்

மட்டக்களப்பு வாவியைக் கல்லடிப் பாலத்தின்மீது நின்று நோக்குவோர்க்கு அதன் அழகே முதலிற் புலப்படும். நிலவொளியில் இங்கு மீன் பாடும் என்பது நேயர்கள் பலரும் அறிந்த செய்தி. அவ்வாவியின் இரு கரைகளிலும், படுவான்கரையிலாயினும் எழுவான்கரையிலாயினும், ஓர் ஏழைத் தந்தையின் நித்திரையைக் கெடுப்பது வேறொன்று. அது மகளுக்குக் கொடுக்க வேண்டிய வீடு.

இந்நாட்டிலே மகளை மணஞ்செய்து கொடுப்பவர் வீடொன்றையும் கொடுத்தல் வேண்டும். மணமகன் பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்வான். தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரிடத்தும் வேரூன்றிய வழமை இது. பெண்ணுக்கென ஒரு கூரை உண்டு என்பதனால் இதனை நல்வழமை என்றே கூறலாம். ஆயின், மூன்று பெண்களைப் பெற்ற கூலித் தொழிலாளி மூன்று வீடுகளுக்கு எங்கே போவான்? 1978ஆம் ஆண்டின் சூறாவளி தென்னைகளை முறித்தது. 1983 முதல் 2009 வரை போர் நீடித்தது. அதற்கிடையே, 2004 டிசம்பர் 26இல், கடல் பொங்கிக் கரையோரக் குடில்களை வாரிச் சென்றது. தந்தையாற் கட்ட இயலாத வீட்டைத் தானே கட்டுவதற்கு மகள் புறப்பட்டாள்.

எண்ணெய் வளத்தாற் செழித்த அரபு நாடுகளுக்கு 1970களில் முதலில் ஆண்களே சென்றனர். பின்னர் வீட்டுப் பணிக்குப் பெண்கள் மிகுதியாகச் செல்லலாயினர். ஊர்தோறும் தரகர்கள் தோன்றினர். பெண்ணின் குடும்பத்துக்கு முன்பணம் கொடுப்பர். பயணத்துக்கான தாள்களை அவர்களே ஒழுங்கு செய்வர். அத்தாள்களில் என்ன எழுதப்பட்டிருக்கிறதென்று எத்தனை பெற்றோர் வாசித்திருப்பர்?

வாவிக்கு வடக்கே, கொட்டியாரக் குடாவின் கரையிலுள்ள மூதூரில் நிகழ்ந்ததை நாடே அறியும். ரிசானா நபீக் 1988 பெப்ரவரியிற் பிறந்தவள். தந்தை காட்டில் விறகு வெட்டி வாழ்ந்தவர். 2005ஆம் ஆண்டு மே மாதத்தில், பதினேழாவது வயதில், அவள் சவூதி அரேபியா சென்றாள். கடவுச்சீட்டிலோ பிறந்த ஆண்டு 1982 என்றிருந்தது. ஆறு ஆண்டுகளை யாரோ ஒருவரின் பேனா கூட்டிவிட்டது.

தவாத்மி என்னும் ஊரிலே வீட்டு வேலையோடு கைக்குழந்தையைப் பார்க்கும் பொறுப்பும் அவள்மீது விழுந்தது. குழந்தை வளர்ப்பில் அவளுக்குப் பயிற்சி இல்லை. சென்ற சில வாரங்களுள், அவள் பால் புகட்டிக்கொண்டிருந்தபோது அக்குழந்தை இறந்தது. பால் புரையேறியதென்றாள் அவள்; கொலையென்றனர் பெற்றோர். முதல் விசாரணையில் அவளுக்கு வழக்கறிஞர் இல்லை. மொழிபெயர்த்தவரும் அதற்குத் தகுதியுடையவரல்லர் என்று பின்னர் முறையிடப்பட்டது. அவ்விசாரணையில் ஒப்புக்கொண்டதாகப் பதியப்பட்டதை அவள் பின்பு மறுத்தாள். 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிறப்புச் சான்றிதழின்படி அவள் சிறுமி. கடவுச்சீட்டின்படி இருபத்து மூன்று வயதுப் பெண். நீதிமன்றம் கடவுச்சீட்டையே ஏற்றது. குடும்பத்துக்கு உதவ எண்ணி வயதைக் கூட்டியவர்கள் இத்தகையதொரு நாளை நினைத்திருக்க மாட்டார்கள்.

2013 ஜனவரி 9இல் தண்டனை நிறைவேற்றப்பட்டது.

அதன் பின்னரே சவூதி அரேபியாவுக்கு வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்களின் குறைந்த வயதை இலங்கை அரசு 25 ஆக உயர்த்தியது. பொருளாதார நெருக்கடி முற்றிய 2022இல் அது மீண்டும் 21 ஆகக் குறைக்கப்பட்டது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேவைப்பட்டது. வாவிக்கரை வீடுகளுக்கும் பணம் தேவைப்பட்டது.

சென்றவர்களிற் பலர் நலமே திரும்பினர் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த கல்வீடுகள் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் வாழைச்சேனையிலும் உண்டு. சில வீடுகளில் சுவர் எழுந்து கூரை இன்னும் ஏறவில்லை. மறுமுறை பயணத்துக்கு அப்பெண் காத்திருக்கிறாள்.

மூதூரிலும் ரிசானாவின் பெற்றோருக்குப் புதிய வீடொன்று பிறரால் கட்டிக் கொடுக்கப்பட்டது. அது, அவள் இறந்த பின்பு.