முதுமையில் மங்கும் கண்: தலைவிதியா, வைத்தியமா?



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவர் கிழவிகளைப் பற்றியதாகும். "இதற்குக் கூட ஒரு கூட்டமா?" என்று சிலர் நினைக்கலாம். கோயிலைப் பற்றியும் ஜாதியைப் பற்றியும் பேசினால்தான் சுயமரியாதைப் பேச்சு என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்திருந்து கேட்க வேண்டுகிறோம். நாம் சொல்வதை நாம் சொன்னோம் என்பதற்காக ஒப்புக் கொள்ள வேண்டியதில்லை. உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக் கொண்டால் போதும்.

வயதானவர்களுக்குக் கண் மங்க ஆரம்பித்தால் நம் நாட்டில் முதலில் சொல்லும் வார்த்தை "வயசாச்சு, அப்படித்தான்" என்பது. அடுத்த வார்த்தை "போன ஜென்மத்தில் செய்த பாவம்" என்பது. மூன்றாவதாக அம்மனுக்கு நேர்ந்து கொண்டு, கோயில் வாசலில் வெள்ளியில் செய்த கண்மலரை வாங்கி உண்டியலில் போடுகிறார்கள். கண் கெட்டதோ கிழவிக்கு; கண் வாங்கித் தருவதோ அம்மனுக்கு! இந்த வியாபாரத்தில் யாருக்குப் பார்வை வந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

உண்மையில் நடப்பது என்ன? நமது கண்ணுக்குள் பாப்பாவுக்குப் பின்னால் ஒரு சிறு வில்லை இருக்கிறது. இளமையில் அது கண்ணாடி போல் தெளிவாயிருக்கும். வயது ஏற ஏற, முட்டையின் வெள்ளைக் கரு வெந்தால் வெளுப்பது போல அந்த வில்லையும் வெளுத்து, வெளிச்சம் உள்ளே போகாதபடி திரையாகி விடுகிறது. இதுதான் கண்புரை. சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். இதில் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. பஞ்சாங்கம் பார்க்கும் சாஸ்திரிக்கும் வரும். பறையடிக்கும் தோழருக்கும் வரும்.

அந்த வெளுத்த வில்லையை எடுத்து விட்டு வேறொரு வில்லையை வைக்க இன்று பழகிய டாக்டருக்கு அரை மணி நேரம் கூட வேண்டியதில்லை. பிரமன் எழுதிய தலையெழுத்தை ஒரு டாக்டர் அரை மணியில் அழித்து விடுகிறாரென்றால், ஒன்று அது எழுத்தே அல்ல, அல்லது எழுதினவனை விட டாக்டர் பெரியவர். இரண்டில் எது என்பதை ஆஸ்திகத் தோழர்களே சொல்லட்டும்.

"இதெல்லாம் நம் முன்னோர்கள் அன்றே அறிந்ததுதான்" என்று சிலர் சொல்லுவார்கள். சுசுருத சம்ஹிதையில் கண்புரை வைத்தியம் சொல்லப்பட்டிருப்பது மெய்தான். ஊசி போன்ற கருவியால் வில்லையைப் பார்வைக்கு இடைஞ்சலில்லாமல் ஒதுக்கித் தள்ளுவது அந்த முறை. அக்காலத்தில் அது பெரிய காரியமே. ஆனால் முன்னோர்கள் சொன்னதோடு முடிந்து விட்டதென்று இருந்தவர்களுக்கு மேலே ஒன்றும் கிடைக்கவில்லை. 1747-ம் வருஷத்தில் பிரெஞ்சு தேசத்து ஜாக் டாவியேல் என்னும் வைத்தியர் அந்த வில்லையைக் கண்ணை விட்டே வெளியில் எடுத்தார். ஆனாலும் அதற்குப் பிறகு புட்டி அடி போன்ற தடித்த மூக்குக் கண்ணாடி போட்டுக் கொண்டால்தான் ஏதோ தெரியும். கண்ணாடி உடைந்தால் மறுபடியும் குருடுதான்.

பிறகு என்ன நடந்தது? இரண்டாவது உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் ஆகாய விமானிகள் சிலருக்கு, விமானத்தின் ஜன்னல் உடைந்து அந்தப் பிளாஸ்டிக் சில்லுகள் கண்ணுக்குள் போய்த் தங்கி விட்டன. லண்டனில் ஹரால்ட் ரிட்லி என்னும் கண் டாக்டர், அந்தச் சில்லுகளைக் கண் வெறுத்துத் தள்ளாமல் சும்மா வைத்துக் கொண்டிருப்பதைக் கவனித்தார். ஒரு நாள் அவர் புரையை எடுப்பதைப் பார்த்துக் கொண்டிருந்த மாணவர் ஒருவர், "எடுத்த வில்லைக்குப் பதில் வேறொன்று வைக்க மாட்டீர்களா?" என்று கேட்டாராம். நம் ஊர் குருகுலமாயிருந்தால் "அதிகப் பிரசங்கி, வாயை மூடு" என்றிருப்பார்கள். ரிட்லி யோசித்தார். 1949 நவம்பர் 29-ந் தேதி லண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில் அதே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த வில்லையை ஒரு பெண்மணியின் கண்ணில் வைத்தார்.

உடனே உலகம் மாலை போட்டு விடவில்லை. பெரிய பெரிய வைத்தியர்களே அவரை எதிர்த்தார்கள். கண்ணுக்குள் அன்னியப் பொருளை வைப்பது அக்கிரமம் என்றார்கள். ஆரம்ப காலத்தில் கோளாறுகளும் உண்டாயின. வைத்தியத்திலும் வைதிகர்கள் உண்டு, தோழர்களே! ஆனால் மதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் உள்ள வித்தியாசம் என்னவென்றால், விஞ்ஞானத்தில் தவறு கண்டால் திருத்தலாம். பழையவனை எதிர்த்து ருசுக் காட்டி ஜெயிக்கலாம். சுமார் முப்பது வருஷத்தில் ரிட்லியின் வில்லை உலகமெங்கும் பரவியது. அவர் தம் முதுமையில் தம் கண்களிலேயே அத்தகைய வில்லையை வைத்துக் கொண்டு பார்த்தார். எந்த ரிஷி தாம் கொடுத்த வரத்தைத் தாமே இப்படிப் பரீட்சித்தார்?

இனி நம் மதுரைக்கு வருவோம். டாக்டர் கோ. வெங்கடசாமி என்பவர் இளமையிலேயே மூட்டுவாதத்தால் கை விரல்கள் கோணிப் போய்ப் பேனா பிடிக்கவும் கஷ்டப்பட்டவர். அந்த விரல்களையே பழக்கி ஆயிரக்கணக்கான கண்களுக்கு அறுவை செய்தார். 58-வது வயதில் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, சாய்வு நாற்காலியில் சாயாமல், 1976-ம் வருஷத்தில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துத் தேர்ந்த உதவியாளர்களாக்கினார்கள். ஒரு நோயாளிக்கு முடிக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்தவர் தயாராயிருக்கும்படி வேலையை ஒழுங்கு செய்தார்கள். பணம் உள்ளவர் கொடுக்கும் கட்டணத்திலிருந்து இல்லாதவருக்கும் வைத்தியம் நடந்தது. அந்நாளில் வெளிநாட்டு வில்லை ஒன்று ஏறத்தாழ நூறு டாலர். 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற ஸ்தாபனத்தில் வில்லை செய்ய ஆரம்பித்து, விலையைப் பத்து டாலர் அளவுக்குக் கொண்டு வந்தார்கள். அவர் அரவிந்தரிடம் பக்தி கொண்டவர். அதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. ஆனால் அவர் பிரசாதம் கொடுத்து ஒருவருக்கும் கண் திறக்கவில்லை. கத்தியையும் நூலையும் வில்லையையும் கொண்டே திறந்தார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

இலவசம் என்று சொல்லியும் எல்லாரும் வந்து விட்டார்களா? இல்லை. பஸ் கட்டணம், சாப்பாட்டுச் செலவு, துணைக்கு வருகிறவரின் ஒரு நாள் கூலி எல்லாம் குறுக்கே நின்றன. அவற்றைத் தாண்டினாலும் "கிழவிக்கு எதற்குக் கண்? அவள் கலெக்டர் வேலைக்கா போகப் போகிறாள்?" என்ற பேச்சு நிற்கிறது. கிழவனுக்காவது யாரேனும் துணை போவார்கள். கிழவியை, அதிலும் விதவையை, யார் நினைக்கிறார்கள்?

பிறரைச் சொல்லுவானேன்? ஊர் ஊராகப் பகுத்தறிவு பேசித் திரிந்த நாமே நமது தாயாரின் கண்ணை மூன்று வருஷம் கவனிக்கவில்லை. அரிசியில் கல் கிடந்தது என்று அவரைக் கடிந்து கொண்டோம். கல்லைப் பார்க்க அவருக்குக் கண் இல்லை என்பதைப் பார்க்க நமக்குக் கண் இல்லை! பக்கத்து வீட்டார் பச்சிலைச் சாறு பிழிய வந்த போதுதான் விழித்துக் கொண்டு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். மறுநாள் கட்டை அவிழ்த்ததும் அவர் நம் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "உனக்கும் தலை நரைத்து விட்டதா?" என்பது. அந்த ஒரு வார்த்தைக்கு நம்மிடம் பதில் இல்லை.

தோழர்களே! சுயமரியாதை என்பது என்ன? பிறர் கையை எதிர்பாராமல் தன் காலில் நிற்பதுதானே! கண் தெரியாத கிழவி கொல்லைக்குப் போகவும் ஒரு பேரனைக் கூப்பிட வேண்டும். முதியோர் பணம் வந்தால் எண்ணித் தர அடுத்தவரை நம்ப வேண்டும். நோட்டில் ஒன்று குறைந்தாலும் தெரியாது. தட்டுத் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அதோடு படுக்கைதான். கண் தெளிந்தால் அவரே நடப்பார், சமைப்பார், தோட்டத்துக்குப் போவார், பத்திரத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். ஆகவே கிழவர்களுக்குச் சுயமரியாதை மேடையில் வருவதை விடக் கண்ணில் வருவது அதிகம்.

நாமோ அறுபது வயதானால் சஷ்டியப்த பூர்த்தி என்று சொல்லி, பெற்றோருக்கு மறுபடியும் தாலி கட்ட வைத்துப் புரோகிதருக்குத் தட்சணை அழுகிறோம். செத்த பிறகு வருஷா வருஷம் திவசம் செய்து காக்கையைக் கூப்பிடுகிறோம். உயிரோடிருந்த போது இலையில் சோறு எங்கே, கறி எங்கே என்று தடவிய தாய்க்கு, செத்த பிறகு வடை பாயசம் எதற்கு? அந்தப் பணத்தில் ஒரு பங்கு போதுமே, பஸ்ஸுக்கும் துணைக்கும்!

முடிவாகச் சில காரியங்களைச் சொல்லி நிறுத்துகிறோம். நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் கண்ணைப் பரிசோதித்துக் கொள்ள வேண்டும். ஏனென்றால் கண்புரையில் போன பார்வை அறுவையால் திரும்பும். கண்ணழுத்த நோயில் போன பார்வை திரும்பாது, முன்னால் கண்டால்தான் மீதியைக் காப்பாற்றலாம். சர்க்கரை உள்ளவர்கள் வருஷம் ஒரு முறையாவது போக வேண்டும். இலைச் சாறு, தாய்ப்பால் முதலியவற்றைக் கண்ணில் விடக் கூடாது. அதனால் கருவிழி புண்ணாகி உள்ள பார்வையும் போகும். கண்புரை அறுவை அரசாங்க மருத்துவமனைகளில் காசில்லாமல் செய்யப்படுகிறது; அது பிச்சையல்ல, நம் வரிப் பணம். எனவே ஒவ்வொரு ஊர்ச் சங்கத்தாரும் தங்கள் தெருவில் கண் மங்கிய முதியவர்கள் எத்தனை பேர் என்று வீடு வீடாகக் கணக்கெடுத்து, பெண்களையும் விதவைகளையும் முதலில் வைத்து, நீங்களே துணையாக அழைத்துப் போக வேண்டும்.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் பெற்றோரின் முகத்துக்கு நேரே மூன்று விரலைக் காட்டி, எத்தனை என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால், நாளை நல்ல நாளா என்று பார்க்காமல் புறப்படுங்கள்.