கைகள் ஏந்திய இதயம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் வழக்கம். எங்களைப் பேச அழைத்த செயலாளரிடம், எங்களுக்குப் பேசத் தெரிந்தது ஒரு மோதிரத்தைப் பற்றி மட்டுமே என்றோம். அதையே பேசுங்கள் என்றார். ஆகவே நாங்கள் இருவரும் துணிந்து வந்து நிற்கின்றோம்.

எங்கள் மகள் அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கால்வே நகரில் பயில்கின்றாள் என்பதை நம் காலனியில் அறியாதவர் இலர். அந்நாட்டு இளைஞர் ஒருவரை மணக்க விரும்புவதாகச் சென்ற ஆண்டு எழுதினாள். அவ்வூரில் தாயிடமிருந்து மகளுக்கு ஒரு மோதிரம் வருவது வழக்கமாம். கடையில் வாங்கிக்கொள்ளத் தனக்கு மனமில்லை, அம்மா தன் கையால் செய்து தரவேண்டும் என்பது கடிதத்தின் கடைசி வரி. எங்கள் இருவரில் ஒருவர் அக்கடிதத்தைப் பற்றி மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. அவர் யார் என்பதைக் கூறவேண்டியதில்லை. இதே மேடையில்தான் நிற்கின்றார்.

மற்றவர் அந்த மோதிரத்தின் வரலாற்றைத் தேடலானார். அதன் பெயர் கிளாடா மோதிரம். இருபுறமிருந்தும் இரு கைகள் நீண்டு ஓர் இதயத்தை ஏந்தி நிற்கும். இதயத்தின்மேல் ஒரு முடி இருக்கும். கைகள் நட்பையும், இதயம் அன்பையும், முடி மாறாத உறுதியையும் குறிக்கும். கிளாடா என்பது கால்வே நகரின் மதிலுக்கு வெளியே இருந்த மீனவர் குப்பம். அப்பெயருக்கே கல் நிறைந்த கடற்கரை என்பது பொருள். 1930களில் அங்கிருந்த கூரை வீடுகளை இடித்துப் புது வீடுகள் கட்டிவிட்டனர். பழைய குப்பம் மறைந்தது. மோதிரம் மட்டும் நின்றது.

இதைச் செய்த முதல்வர்களுள் ஒருவராகக் கூறப்படுபவர் ரிச்சர்ட் ஜாய்ஸ் என்னும் கால்வே பொற்கொல்லர். ஏறத்தாழ 1700ஆம் ஆண்டளவில் செய்யப்பட்டு அவருடைய முத்திரை பொறித்த மோதிரங்கள் இன்றும் உள்ளன. அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது. இளமையில் மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேறிய அவரைக் கடற்கொள்ளையர் பிடித்து, அல்ஜீரியாவில் ஒரு பொற்கொல்லருக்கு அடிமையாக விற்றுவிட்டனர். அந்த எசமானரிடமே அவர் பொன்வேலை கற்றார். 1689இல் மூன்றாம் வில்லியம் மன்னரின் முயற்சியால் விடுதலை கிடைத்தது. எசமானர் தம் மகளையும் செல்வத்தில் பாதியையும் தருவதாகக் கூறியும் ஊர் திரும்பிக் கடை வைத்தாராம். கதை எவ்வளவு மெய்யோ, கைகோத்த மோதிரங்கள் ஐரோப்பாவில் உரோமர் காலம் முதலே உண்டு என்பது மெய். ஆயினும் இக்கதையைக் கேட்ட அன்றுதான் மூன்று வாரம் மௌனமாயிருந்தவர் வாய் திறந்தார். “அப்படியானால் அந்தத் தொழிலே அயலூரில் கற்றதுதானா?” என்றார். பிறகு, “வெள்ளி எங்கே கிடைக்கும்?” என்றார். அவ்வளவே அவர் கொடுத்த சம்மதம்.

பொற்கொல்லரின் பட்டறை எங்களிடம் ஏது? அதற்கும் ஒரு வழி இருந்தது. 1990களின் தொடக்கத்தில் சப்பானில் மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் நிறுவனத்தார் வெள்ளிக் களிமண் என ஒன்றைக் கண்டனர். இது நிலத்தில் தோண்டி எடுப்பதன்று. நுண்ணிய வெள்ளித் தூளை நீரும் பசையும் கூட்டிப் பிசைந்தது. சப்பாத்தி மாவைப்போல உருட்டலாம், வெட்டலாம். சுட்டால் பசை எரிந்துபோய்த் தூள்கள் ஒன்றோடொன்று இறுகித் தூய வெள்ளியாகிவிடும். வெள்ளி உருகுவது 961 பாகை வெப்பத்தில். இது அதற்குக் கீழேயே கெட்டிப்படுகின்றது.

கையில் எண்ணெய் தடவி, இருபுறமும் சீட்டுக்கட்டுச் சீட்டுகளை அடுக்கி, அவற்றின் கனத்திற்கு மண்ணைத் தேய்த்தோம். காகிதம் சுற்றிய கட்டையில் அதை வளைத்து, நீரில் குழைத்த அதே மண்ணால் முனைகளை ஒட்டினோம். இதயமும் முடியும் எளிதில் வந்தன. கைகள்தாம் படுத்திவிட்டன, விரல்கள் நான்கு முறை முள்ளங்கிபோல் அமைந்தன. ஒரு நாள் முழுதும் உலரவைத்து, நகம் தேய்க்கும் அரத்தால் மெருகேற்றினோம். ஈரம் சிறிதிருந்தாலும் சூட்டில் வெடித்துவிடும். உலர்ந்த மோதிரமோ அப்பளம்போல் நொறுங்கக்கூடியது, மூச்சடக்கித் தேய்க்கவேண்டும்.

முதல் மோதிரத்தைப் பலகணியில் கைச்சுடர் கொண்டு சுட்டோம். அழகாகவே வந்தது, ஆனால் சுட்டால் சுருங்கும் என்பதை மறந்துவிட்டோம். மகளின் விரலுக்கு 17 மில்லிமீட்டர் அகலம் வேண்டும். அதே அளவில் செய்தது 15 ஆகிவிட்டது. அடுத்த வீட்டுச் சிறுமி அதை அணிந்து, இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றாள்.

இரண்டாவதை 19½ மில்லிமீட்டரில் செய்தோம். பல் கட்டும் தொழிற்கூடம் நடத்தும் நம் சங்க உறுப்பினர் தம் மின்னுலையைத் தந்து உதவினார். 870 பாகையில் இரண்டு மணி நேரம் சுட்டோம். வெளியே எடுத்தபோது சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. வீணாயிற்றே என்று தாய் கலங்கினாள். பித்தளைத் தூரிகையால் நான்கு முறை தேய்த்ததும் உள்ளிருந்து வெள்ளி எட்டிப் பார்த்தது. சரியாக 17. ஒரு கையின் கட்டைவிரல் சற்றுப் பருத்திருப்பது உண்மை. தந்தை செய்த கை அது.

இதை அணிவதிலும் ஒரு மரபு உண்டு. வலக்கையில் இதயத்தின் முனை விரல்நுனியை நோக்கினால், அணிந்தவர் மனம் இன்னும் எவருக்கும் உரியதன்று. மணிக்கட்டை நோக்கினால் உரியதாயிற்று. இடக்கையில் விரல்நுனியை நோக்கினால் மணம் நிச்சயமானவர். திருமணத்தன்று அதைத் திருப்பி அணிவர். இப்போது எங்கள் மகளின் இடக்கையில், முனை வெளிநோக்கி இருக்கின்றது. வருகின்ற வைகாசியில் கால்வே நகரில் திருமணம். அன்று மோதிரத்தை அப்பாதான் திருப்பவேண்டும் என்று எழுதியிருக்கின்றாள். இருவருக்கும் பயணச்சீட்டு வாங்கியாயிற்று.