குடிபெயரும் இல்லமும் குழந்தைகளின் வழிபாடும்
(சொற்பொழிவின் சுருக்கம்)

திருச்சிற்றம்பலம்



திருக்குட நன்னீராட்டுக் கண்டு மகிழும் இந்நாளில் ஒன்றை நினைவுகூர்தல் தகும். திருப்பணி நடைபெறுங்கால் இறைவன் எங்கே எழுந்தருளியிருப்பான்? பாலாலயம் என்னும் இளங்கோயிலில். அங்கே இடம் சிறிது. ஆயினும் நாட்பூசை நிற்பதில்லை. குடிபெயரும் இல்லத்தார்க்கு இதுவே முதற்பாடம்.

உத்தியோகம் பொருட்டுச் சென்னைக்கும் மும்பைக்கும் செல்லும் பெற்றோர்க்கு அஃது ஊதிய உயர்வு. குழந்தைக்கோ, தோழரும் தெப்பக்குளமும் தேரோடும் வீதியும் ஒரே நாளில் கைவிட்டுப் போகும் பேரிழப்பு. “அழாதே, சாமி கண்ணைக் குத்தும்” என்று அச்சுறுத்தி அவ்வழுகையை அடக்குவோர் உளர். துணையாக வரும் இறைவனைப் பகைவனாகக் காட்டுதல் சைவம் ஆகாது. அழும் பிள்ளையை அழவிட்டு, அருகிருந்து தேற்றுதலே அன்பு.

நாஞ்சில் நாட்டிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்தினின்றும் திருவனந்தபுரத்துக்கு மாறிற்று. அரண்மனை பெயர்ந்தது, நவராத்திரி வழிபாடு அறுபடவில்லை. ஆண்டுதோறும் பத்மநாபபுரத்துச் சரசுவதி யானைமீதும், வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் உடன் வரவும், திருவனந்தபுரம் எழுந்தருளுகின்றனர். விழா முடிந்தபின் தத்தம் கோயிலுக்கே திரும்புகின்றனர். 1956 நவம்பர் 1இல் இவ்வூர்கள் இரு மாநிலங்களாகப் பிரிந்தும் அவ்வழிநடை நின்றிலது. புதிய ஊருக்குச் செல்லுதலும் பழைய ஊருக்கு மீளுதலும் ஒருங்கே கூடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆதலின், புறப்படுமுன் குழந்தையை ஊர்க்கோயிலுக்கு அழைத்துச் சென்று விடைபெறச் செய்க. வீட்டு விளக்கையும் திருநீற்றுச் சம்புடத்தையும் அதன் கையிலேயே கொடுத்து எடுத்துவரச் செய்க. புது வீட்டில் முதல் விளக்கை அப்பிள்ளையே ஏற்றட்டும். பழைய வீட்டில் அந்தியில் பாடிய பதிகத்தையே, அதே வேளையில், அங்கும் பாடுக. வீடு புதிதாயினும் அந்திப்பொழுது பழையதாக இருக்கும். பிள்ளையின் மனம் அதனைப் பற்றிக்கொள்ளும்.

பின்னர்ப் புதிய ஊரின் கோயிலை அறிமுகம் செய்க. சென்னைக்குச் சென்ற சுசீந்திரத்துச் சிறுவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். சீகாழியில் தோன்றிய ஆளுடைய பிள்ளையார், மயிலையில் பூம்பாவையை விளித்துப் பாடிய பதிகத்தில் அவ்வூர் விழாக்களை நிரல்படக் கூறுகின்றார். அவற்றுள் திருவாதிரையும் ஒன்று. தன் ஊரில் மார்கழித் தேர் ஓடும் விழாவின் அதே திருவாதிரை இங்கும் உண்டென்று காணும்போது, அச்சிறுவனுக்கு மயிலை அயலூராகத் தோன்றுமோ? இயன்றால் ஆண்டுக்கொருமுறை தேருக்கு அவனை ஊருக்கு அழைத்து வருக.

நாற்றங்காலினின்றும் பறித்த நாற்று, நட்ட சில நாள் வாடவே செய்யும். அதனைக் கண்டு உழவன் சினப்பதில்லை. நீர் வற்றாது காக்கின்றான். பயிரும் பச்சை பிடிக்கின்றது. பிள்ளைகளிடத்தும் அப்பொறுமை வேண்டும். வழிபாடே அந்நீர்.

திருச்சிற்றம்பலம்