மாதிரியும் முதலாளியும்



தங்கள் தந்தையின் நினைவாகப் பிள்ளைகள் நிறுவிய அறக்கட்டளை இது. அவர் இதே காஞ்சிபுரத்து ஓரிக்கையில் பட்டு நெய்தவர். நானும் தறி ஓசையில் வளர்ந்து, பிறகு ஆங்கிலம் கற்பிக்கப் போனவன். தந்தையை வேராகக் கொண்ட சில ஆங்கிலச் சொற்களைத் தறியோடு வைத்துப் பார்க்க வந்திருக்கிறேன்.

புடவையில் விழும் புட்டாவையும் கரையில் ஓடும் அன்னத்தையும் ஆங்கிலத்தில் பேட்டர்ன் என்கிறோம். லத்தீனில் 'பேட்டர்' என்றால் தகப்பன். அதில் பிறந்த 'பேட்ரோனஸ்', காப்பவன். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது ஆதரவாளரைக் குறிக்கும் பேட்ரனும் மாதிரியைக் குறிக்கும் பேட்டர்னும் ஒரே சொல். தகப்பனைப்போல், பார்த்துப் பழகுவதற்கு முன்னே நிற்பவர் பேட்ரன் என்பதால் அவர் பெயரே மாதிரிக்கும் ஆயிற்று. பின்னால்தான் உச்சரிப்பு திரிந்து இரண்டாயின. இதை அகராதியில் முதலில் படித்த அன்று என் அப்பாதான் கண்முன் வந்தார். கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கு இரண்டு என, ஊடைநூல் ஓட்டும் நாடா மூன்று ஓட வேண்டும். ஒரு பக்கத்து நாடாவைத் தள்ள அருகில் இன்னொரு கை வேண்டும். அப்போதெல்லாம் பெரும்பாலும் அது வீட்டுப் பிள்ளையின் கை. யாரும் உட்கார்த்திவைத்துப் பாடம் நடத்தியதில்லை. அப்பாவின் கால் மிதியில் மாறுவதைப் பார்த்தே கை பழகிவிடும்.

அதே சொல்லுக்கு ரோமாபுரியில் இன்னொரு முகம் இருந்தது. அடிமையை விடுதலை செய்த எஜமானன் அவனுக்கு பேட்ரோனஸ் ஆவான். விலங்கு கழன்றாலும் கடப்பாடு கழலாது. காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பட்டும் ஜரிகையும் கொடுத்துக் கூலிக்கு நெய்ய வைத்த முதலாளிகள் பலர், கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் முன்பணமும் கொடுத்தார்கள். ஆபத்துக்கு உதவிய பணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது அடைபடும்வரை வேறு தறிக்குப் போக முடியாது. 1990களில்கூட அந்த முன்பணத்துக்காக எத்தனையோ பிள்ளைகள் பள்ளியை விட்டுத் தறியில் உட்கார்ந்தார்கள். அதே கோர்வை, அதே நாடா. ஆனால் பக்கத்தில் இருந்தவர் அப்பா இல்லை.

கடைக்கு ஆதரவு தருவதும், ஒருவரைத் தட்டிக்கொடுப்பதுபோலத் தாழ்த்துவதும் ஆங்கிலத்தில் ஒரே வினை: பேட்ரனைஸ். இடத்தைப் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

பேட்டர்னலிசம் என்ற சொல்லைச் சிலர் தந்தையாதிக்கம் என்று பெயர்க்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. தந்தையாதிக்கம், குடும்பத்தையும் சமூகத்தையும் ஆண்கள் ஆளும் பேட்ரியார்க்கிக்கு உரியது. பேட்டர்னலிசம் வேறு: உன் நல்லதுக்குத்தான் என்று சொல்லி, உன்னைக் கேட்காமல் முடிவெடுப்பது. இங்கே ஆதிக்கம் அன்பின் குரலில் பேசுவதால் எதிர்ப்பதும் கடினம். போபாலை நினைத்துப் பாருங்கள். 1984 டிசம்பரில் அங்கே ஓர் அமெரிக்கக் கம்பெனியின் ஆலையில் விஷவாயு கசிந்தது. மறு ஆண்டு வந்த சட்டம், பாதிக்கப்பட்டோர் அனைவருக்காகவும் வழக்காடும் உரிமையை மத்திய அரசிடம் ஒப்படைத்தது. சட்ட மொழியில் அரசின் அந்த நிலைக்கு 'பேரன்ஸ் பேட்ரியே' என்று பெயர்; நாட்டுக்கே பெற்றோர். குடிசைவாசி ஒருவர் அந்தக் கம்பெனியோடு தனியே மோத முடியாது என்ற காரணத்தில் நியாயம் இருந்தது. ஆனால் 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு வழக்கு முடிக்கப்பட்டபோது, மூச்சுத் திணறிக்கொண்டிருந்தவர்களிடம் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. பெற்றோர் ஸ்தானத்துக்கு வந்தவர் முதலில் செய்ய வேண்டியது அதுவல்லவா?

பழந்தமிழில் தகப்பனைக் குறித்த வழக்கமான சொல் லத்தீன் பேட்டரைப்போலத் தனியே நிற்காது. எந்தை என்றால் என் தகப்பன். நுந்தை, உன் தகப்பன். தந்தை, அவன் தகப்பன். பிற்காலத்தில் தந்தை மட்டும் நிலைத்து எல்லாருக்கும் பொதுவாயிற்று. யாருடைய தகப்பன் என்று சொல்லாமல் அந்நாளில் அந்தச் சொல்லை வாயில் எடுக்கவே முடியாது. சொல்லுக்குள் பிள்ளை முதலில் வந்து நிற்கிறது. அதன் பிறகே தகப்பன்.

அதே வரிசைதான் ஓரிக்கையின் பெயர்க்கதையிலும்; உங்களுக்குத் தெரியும். தன்னைப் பாட மறுத்த கணிகண்ணனை அரசன் நாடுகடத்தினான். கணிகண்ணனின் குரு திருமழிசையாழ்வார், தானும் புறப்பட்டு, காஞ்சியின் திருவெஃகாக் கோயில் பெருமாளையும் கிளம்பச் சொன்னார். ஆழ்வார்கள் எந்தை என்று அழைக்கும் பெருமாள், பிள்ளை சொன்னபடி பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். சொன்ன வண்ணம் செய்த பெருமாள் என்றே அவருக்குப் பெயர். அன்றிரவு மூவரும் தங்கிய ஓர் இரவு இருக்கைதான் ஓரிக்கை.