ஒரு வாள், 60 தோல்வி
(நம் குடியிருப்பின் பொங்கல் விழாவில் பேசியது)



"ரிட்டயர் ஆன பிறகு பொழுது எப்படிப் போகிறது என்று ஐந்து நிமிடம் பேசுங்கள்" என்றார் செயலாளர். வாக்கிங், கோயில், பேப்பர் என்று சொல்வேன் என நினைத்திருப்பார். நான் பேசப்போவது ஒரு வீடியோ கேமைப் பற்றி. சிரிக்காதீர்கள். பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காகவே காலம் தள்ளியவன் நான். கணக்கோடுதான் பேசுவேன்.

போன வருடம் என் இளைய மகனுக்கு வேலை போயிற்று. அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடிக்கொண்டே இருப்பான். வாளோடு வாள் மோதும் சத்தம் கேட்கும். கொஞ்சம் அமைதி. மறுபடியும் அதே சத்தம். ஒருநாள் திட்டுவதற்காகவே உள்ளே போனேன். திரையில் சிவப்பாக ஒரு ஜப்பானிய எழுத்து.

"என்னடா இது?"

"செத்துட்டேன்னு அர்த்தம்ப்பா."

"எத்தனாவது தடவை?"

"எண்ணலை."

எண்ணாமல் விடுவது எனக்கு ஆகாது. பழைய டைரியை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

விளையாட்டின் பெயர் செகிரோ. ஃப்ரம்சாஃப்ட்வேர் என்ற ஜப்பானிய நிறுவனம் உருவாக்கியது, 2019-இல் வந்தது. இயக்கியவர் ஹிடேடாகா மியாசாகி. அந்த வருடத்தின் சிறந்த விளையாட்டு என்று 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் விருது வாங்கியது. குறுநில மன்னர்கள் ஓயாமல் சண்டையிட்ட பழைய ஜப்பானில் கதை நடக்கிறது. ஒரு கையை இழந்த வீரன், தன் சின்ன எஜமானனை மீட்கப் போகிறான். வழி மறிப்பவர்கள் சாமுராய்கள்.

இதில் சுலபம், நடுத்தரம், கடினம் என்று தேர்ந்தெடுக்கும் வசதி கிடையாது. இதே இயக்குநரின் முந்தைய விளையாட்டான டார்க் சோல்ஸில், சின்னச் சின்ன எதிரிகளை வீழ்த்தியே பலத்தைக் கூட்டிக்கொள்ளலாம். இன்டர்நெட் மூலம் துணைக்கு ஆள் கூப்பிடலாம். செகிரோவில் அந்த வழிகள் அடைபட்டிருக்கின்றன. அடியின் பலம் கூட வேண்டுமா? பெரும்பாலும் எதிரே நிற்கும் பெரிய ஆளை ஜெயித்தே ஆக வேண்டும். செத்தால் பெரும்பாலும் கையிலுள்ள காசில் பாதி போய்விடும்.

சண்டை போடும் முறையும் வேறு. எதிரியின் வெட்டு நம்மேல் விழும் அதே கணத்தில் நம் வாளால் அதைத் தட்டிவிட வேண்டும். தட்டத் தட்ட அவன் நிலைகுலைவான். முழுதும் குலைந்தால் ஒரே குத்துதான். பெரிய ஆட்களை இப்படி இரண்டு மூன்று தடவை வீழ்த்த வேண்டும். பயந்து பின்னால் போய் மூச்சு வாங்கினால், அதற்குள் அவன் சுதாரித்துக்கொள்வான்.

கோட்டை உச்சியில் ஜெனிச்சிரோ என்றொரு சாமுராய். அவனிடம் என் மகன் 57 முறை தோற்ற அன்று டைரியைக் காட்டினேன். காரணவாரியாகப் பிரித்திருந்தேன். தாவ வேண்டிய இடத்தில் தாவாதது 14. பயந்து பின்வாங்கியது 17. மீதி 26, எதிரி விழப்போகும் நேரத்தில் "இன்னும் ஒரு வெட்டு" என்று ஆசைப்பட்டது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாளும் மூன்று முறை தோற்றான். 61-ஆவது முறை ஜெயித்தான்.

முதல் தடவை பிடித்த அதே வாள்தான் 61-ஆவது தடவையும். மாறியது என் மகனின் கண்ணும் கையும்தான். பற்று எல்லாம் திரையில் இருக்கும் வீரன் கணக்கில். வரவு விளையாடுபவன் கணக்கில். இவ்வளவு கஷ்டமான விளையாட்டை ஏன் விடாமல் ஆடுகிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னான்: "ஆறு இன்டர்வியூ போய் ஆறுலயும் தோத்துட்டேன்ப்பா. உங்ககிட்ட சொல்லலை."

ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. வீட்டில் நான் எப்போதும் கேட்டது "கிடைச்சுதா, இல்லையா?" என்ற ஒரே கேள்வி. வங்கியில் கணக்கு டேலி ஆகாத நாளில், வித்தியாசம் எங்கே என்றுதான் தேடுவோம். அதைப் பெற்ற பிள்ளையிடம் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது "எந்தக் கேள்வியில மாட்டினே?" என்று கேட்கிறேன். உட்கார்ந்து சொல்கிறான். வேலை இன்னும் கிடைக்கவில்லை. கதவு திறந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. இதில் ரத்தம் நிறையத் தெறிக்கும். அமெரிக்காவில் 17 வயதுக்கு மேல்தான் என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு என்னைச் சொல்லாதீர்கள்! ஆனால் வளர்ந்த பிள்ளை உள்ளே விளையாடிக்கொண்டிருந்தால், திட்டுவதற்கு முன் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

நானும் ஆடத் தொடங்கியிருக்கிறேன். பாழடைந்த கோயில் வாசலில் ஹன்பேய் என்றொருவன் நிற்பான். சாவே இல்லாதவன், பயிற்சிக்கென்றே இருப்பவன். நான் இன்னும் அவனைத் தாண்டவில்லை. இப்போது டைரி என் மகன் கையில்.