கோயிலுக்கு முன்னே பள்ளிக்கூடம்
(கந்தளாயில் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



மெதடிஸ்த மிஷனரிமார் 1814 ஜூன் 29ஆம் திகதி காலியில் வந்திறங்கினார்கள். அவர்களிலே வில்லியம் ஓல்ட் நம்ம கிழக்குக்கு, மட்டக்களப்புக்கு வந்தார். கோயில் எழும்புமுன்னே பள்ளிக்கூடம் தொடங்கினார். வந்து ஒரு வருஷம் ஆகுமுன்னே, 1815இல் காலமாகிவிட்டார். அவர் தொடங்கியதுதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி.

பழைய மெதடிஸ்த கோயில்களின் அமைப்பைப் பாருங்கள். பிரசங்க மேடைதான் எடுப்பாகத் தெரியும். கடைசி வாங்கில் இருக்கிறவருக்கும் பேச்சு கேட்கவேண்டும் என்பதே கணக்கு. கேட்டதை வீட்டிலே வாசிக்கவும் தெரியவேண்டாமா? அதற்குத்தான் பள்ளிக்கூடம்.

ஆகவே, லயத்துப் பிள்ளைகளை இடையில் மறித்து வேலைக்கு அனுப்பாதீர்கள். ஒரு வருஷங்கூட இல்லாதவர் போட்ட விதை 200 வருஷம் தாண்டியும் நிற்குது. நம்மால் முடியாதா?